கீறலைத் தின்ற மாமா

“கீறல் எங்கே மாமா?”

“எந்தக் கீறல்?”

“நான் போட்ட டிக்.”

“அதுவா? தின்னுட்டேன்.”

“பொய்.”

“வாயைத் திறந்து காட்டவா? கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. தண்ணி குடிச்சதும் இறங்கிடுச்சு.”

“நிஜமா சொல்லுங்க மாமா. அது போகவே போகாதுன்னு அம்மா சொன்னாங்க.”

“உங்கம்மாவுக்கு என்ன தெரியும்? பாலிஷ் போட்டேன் மருமகளே. பல் தேய்க்கிற பேஸ்ட், சலிச்ச சாம்பல், பழைய பருத்தித் துணி. உட்கார்ந்து தேய் தேய்னு தேய்ச்சா கண்ணாடி என்ன, கல்லே வழிக்கு வரும். பொறுமைதான் வேணும்.”

“நான் தேய்ச்சாலும் போகுமா?”

“பொறுமை இருந்தா போகும். இருக்கா உனக்கு?”

“இருக்கு.”

“அப்ப நீ பெரிய ஆளா வருவே.”

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மாமா என்பது அம்மாவின் தம்பி, டிவி மெக்கானிக். தெருவில் எல்லாரும் கறுப்பு வெள்ளைப் பெட்டியையே தொடப் பயந்துகொண்டிருந்த காலத்தில் கலர் டிவியைத் திறந்து உட்கார்ந்தவர் அவர்தான். அதனால் ‘கலர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெரியவர்களுக்குக் கலர், சின்னவர்களுக்குக் கலர் மாமா.

அந்த டிக் வந்த விதம் இப்படி. அம்மா குளிக்கப் போகும்போது கல் மோதிரத்தைக் கழற்றி அலமாரி மேல் வைத்திருந்தாள். இவள் அதை மாட்டிக்கொண்டு டீச்சர் விளையாட்டில் இறங்கினாள். வீட்டில் வேறு பிள்ளைகள் கிடையாது. டிவியில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. சரியாகப் படித்த பிள்ளைக்கு டீச்சர் என்ன செய்வார்? கண்ணாடியின் வலது கீழ் மூலையில் மோதிரக் கல்லால் அழுத்தி ஒரு டிக் போட்டாள். கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஈரத்தலையோடு வந்து “அடிப்பாவி!” என்று கத்த, கை வெடுக்கென்று இழுபட்டு, டிக்கின் நுனி கொக்கி மாதிரி வளைந்துவிட்டது.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. “நல்லா படிச்சவளுக்கு மார்க் போட்டிருக்கா. விடு” என்றார்.

அம்மா விடவில்லை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பெட்டி. தேக்கு நிறத்தில் வழவழவென்று மரக் கூடு, முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரச் சட்ட ஷட்டர், சாவி. தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள். தம்பி வந்து, குனிந்து பார்த்து, நாக்கால் ‘ச்சு’ கொட்டி, கைவண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது கீறல் இல்லை. விரலால் தடவிப் பார்த்தாள். நகத்தால் தேடிப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி இருந்தது கண்ணாடி. அன்றைக்குத்தான் அந்த உரையாடல்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய கண்ணாடியிலிருந்து தொடங்க வேண்டும். டிவி ரிப்பேர் செய்கிறவர் பெட்டியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்துதான் வேலை செய்வார். படம் தெரிவதோ முன்பக்கம். ஒவ்வொரு திருகுக்கும் எழுந்துபோய்ப் பார்க்க முடியாது. அதனால் எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, அதில் விழும் படத்தைப் பார்த்துக்கொண்டே நிறத்தைக் கூட்டிக் குறைப்பார். கடையில் சுவரோடு சாய்த்த பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. வீடுகளுக்குப் போனால் அந்த வீட்டுக் கண்ணாடியைக் கேட்டு வாங்குவார். பிடித்துக்கொண்டு நிற்க ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். அதற்குப் போட்டியே நடக்கும்.

பின்பக்கப் பலகையைத் தன்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டார். “பிளக்கைப் பிடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு நினைச்சீங்களா? உள்ள டியூப்ல கரண்ட் தங்கும். தொட்டா அந்தச் சுவர்ல போய் ஒட்டிக்குவீங்க” என்பார். அது உண்மையும்கூட. அதனால் எந்த வீட்டிலும், எந்த டிவியின் உள்ளேயும், அவரைத் தவிர இன்னொரு கண் பட்டதில்லை.

தாய் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்த பிள்ளை அவர். இவளுடைய அம்மாவுக்கு அவர் பாதி தம்பி, பாதி மகன். தெருவுக்கோ பேச்சு வேண்டும் என்றால் கலர், சிரிப்பு வேண்டும் என்றால் கலர். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வண்டியோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். பின்னால், அப்பா இறந்தபோது ஓடியாடி எல்லாம் செய்ததும் அவர்தான். கூடத்தில் எல்லாரையும்விட உரக்க அழுததும் அவர்தான். அந்த அழுகை பொய் என்று இவள் இன்றைக்கும் சொல்லமாட்டாள். அதுதான் அவளுக்கு ஆறாத இடம்.

கீறல் போய் வந்த டிவி சில வாரம் ஒழுங்காக இருந்தது. பிறகு சிவப்பு ஒளிந்துகொண்டது. செய்தி வாசிக்கிறவளின் முகம் முதலில் நோய் வந்தவள் மாதிரி வெளிறி, பிறகு பாகற்காய் நிறத்துக்கு வந்தது. மாமா வந்து பார்த்தார். எதிரே அப்பா நின்றிருந்தார்.

“மச்சான், பின்னாடி ஓட்டை வழியா ஏதாவது விட்டுத் திருகினீங்களா?”

“நான் ஏன் திருகுறேன்?”

“சும்மா கேட்டேன். தூசி கீசி தட்டினீங்களா?”

“தூசி தட்டினேன்.”

“அதான்!” மாமா எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அக்கா, மச்சான் கைராசி வேலையைக் காட்டிடுச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்றோடு அந்தப் பேச்சு வீட்டுச் சொத்தாகிவிட்டது. குழாய் ஒழுகினால், கடிகாரம் நின்றால், குடை மடங்காவிட்டால், “நீங்க தொட்டீங்களா? உங்க கை பட்டா விளங்குமா?” என்பாள் அம்மா. கோபமாகச் சொல்லமாட்டாள், பழக்கமாகச் சொல்வாள். அப்பா கொஞ்சம் கொஞ்சமாக எதையும் தொடுவதை விட்டுவிட்டார். பல்பு மாற்றக்கூட மச்சினனுக்கு ஆள் போகும்.

அதே நாட்களில் மாமா வீட்டு டிவி தெருவுக்கே அதிசயமாயிற்று. அதுவும் இதே கம்பெனி, இதே அளவு. “எங்கிருந்தோ ஒரு டியூப் வரவழைச்சேன், பாருங்கடா!” என்று ஷட்டரை இழுத்தாரானால், சிவப்பு என்றால் அது சிவப்பு. பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் கிடந்தார்கள். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு கிளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிளி அவர்களோடு சேர்ந்து படம் பார்ப்பதாக ஒரு விளையாட்டு.

ஒருமுறை அப்பா அவளைக் கூட்டிவர அங்கே போனார். டிவி அணைத்திருந்தது. அவர் குனிந்து அந்தக் கிளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பினார். பிறகு அதே விரலால் அழுத்தி ஒட்டிவிட்டார்.

“நல்ல கிளி” என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் டிவி பார்க்க உட்கார்ந்ததில்லை. வீட்டில் பாகற்காய் நிறச் செய்தியையே கடைசிவரை பார்த்தார். அவர் போன பிறகு அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரர் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் பாலிஷ் வேலைக்குப் போனதற்குக் காரணம் கேட்டால், அந்தக் காணாமல் போன டிக்கைத்தான் சொல்வாள். தேய்த்தால் காயம் மறையும் என்பது அவளுக்குள் விழுந்த விதை. படிப்பு முடிந்ததும் ஒரு மரச்சாமான் பட்டறையில் சேர்ந்தாள். உப்புத்தாள் தேய்ப்பதில் தொடங்கி, பட்டி பார்த்து, அரக்கு பாலிஷைப் பஞ்சுப் பொட்டலத்தில் தோய்த்து எட்டு வடிவத்தில் கையை ஓட்டுவதுவரை வந்தாள். கண்ணாடி மரம் மாதிரி இல்லை, மோதிரக் கல் விழுந்த பள்ளம் பேஸ்டுக்கும் சாம்பலுக்கும் மசியாது என்பதெல்லாம் நாளடைவில் கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கைக்குத் தெரிந்ததை மனசு மாமாவிடம் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்கவில்லை. வேலை தெரிந்த யாராவது “கண்ணாடிக் கீறல் போகாதும்மா” என்றால், “எங்க மாமா போக்கினார்” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

எத்தனையோ வருஷம் பட்டறைக்காரர் பெயரில் உழைத்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினாள். முதலில் வந்தவள் ஒரு பல் டாக்டர். பெற்றோர் வீட்டில் ஒரு பழைய கலர் டிவி இருக்கிறது, மரக் கூடு, ஷட்டர் உடைந்திருக்கிறது, அதை அப்படியே உயிரோடு திரும்பப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தால், கம்பெனியும் அளவும் இவர்கள் வீட்டில் இருந்ததேதான்.

“உள்ளே எங்க மாமா பார்ப்பார். கூட்டை நான் பார்க்கிறேன்.”

“ஒரே ஒரு விஷயம்” என்றாள் டாக்டர். “எனக்குக் கட்டின பல்லு வேண்டாம். சொந்தப் பல்லையே சுத்தம் பண்ணிக் குடுங்க. கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்ல, சொந்தப் பல்லா இருக்கணும். முடியுமா?”

“முடியும். என் வார்த்தை.”

“உங்க வேலை சரியா இருந்தா எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல எல்லாம் பழைய சாமான் குவிஞ்சு கிடக்கு. சொல்லிவிடுறேன்.”

பெட்டி வந்த அன்று அவளே கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு பூச்சிக் கால் கீறல்கூட இல்லை. மாமா வந்து பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். விசில் அடித்தார்.

“என்ன மாமா?”

“இந்த வீட்டுல யாரும் டிவியே பார்க்கலையா?”

“டாக்டரம்மா படிக்கிற பொண்ணா இருக்கும்போது அவங்கப்பா ஷட்டரைப் பூட்டி சாவியை வெச்சுக்குவாராம்.”

“அதான். கன்னி கழியாத டியூப்.” உடனே குரலை மாற்றிக்கொண்டார். “ஆனா வயசாச்சுல்ல? பார்ப்போம். உள்பக்கம் மொத்தத்தையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோறேன். நீ கூட்டை வெச்சு விளையாடு.”

விளையாட்டா அது? கீழ் மூலைகளில் ஈரம் ஏறி, மேலே ஒட்டிய மெல்லிய மர ஏடான வெனீர் உப்பியிருந்தது. பிளேடு நுழைத்துப் பசை விட்டு, மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, கல்லை ஏற்றி வைத்தாள். யாரோ அடித்திருந்த செருப்புக்கறுப்பு வார்னிஷை உரிக்க உரிக்க, உள்ளே தேன் நிறத்தில் ரேகை ஓடியது. ஷட்டர்தான் பெரிய வேலை. விரல் அகல மரச் சட்டங்களை ஒரு முரட்டுத் துணியில் வரிசையாக ஒட்டியிருப்பார்கள். துணி வளைவதால் ஷட்டர் வளையும். துணி இற்றுப்போயிருந்தது. சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வரிசை மாறாமல் முதுகில் பென்சில் குறி போட்டு, புதுத் துணியில் ஒட்டினாள். முதல் தடவை இழுத்தபோது ஷட்டர் முனகாமல் ஓடி மறைந்தது. அந்தச் சத்தமின்மைக்காக அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

மாமா உள்பக்கத்தைக் கொண்டுவந்து பொருத்தினார். போட்டார். படம் வந்தது. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் பச்சை.

“இவ்வளவுதானா மாமா?”

“என்ன மருமகளே, கிழவியைப் பிடிச்சு ஓட்டப் பந்தயத்துல விடச் சொல்றே? இந்த வயசுக்கு இது எழுந்து நிக்கிறதே பெரிசு. டாக்டரம்மாகிட்ட சொல்லு, சொந்தப் பல்லு, கொஞ்சம் ஆடும்னு.”

அவளும் அதை நம்பினாள். நம்பாமல் என்ன?

டாக்டர் எடுத்துப்போக வருவதற்கு முன்தினம், காலை வெயில் கொட்டகையின் பக்கவாட்டு ஜன்னல் வழியாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. பாலிஷ்காரர்கள் சாமானை நேராகப் பார்க்கமாட்டார்கள். தலையைச் சாய்த்து, வெளிச்சம் வழுக்கும் கோணத்தில் பார்ப்பார்கள். தூசியோ கோடோ அப்போதுதான் தலைகாட்டும். கூட்டின் மேல் பார்த்தாள், பக்கம் பார்த்தாள், ஷட்டரைத் திறந்து சட்டங்களைப் பார்த்தாள். பழக்கத்தில் பார்வை அப்படியே அணைந்திருந்த கண்ணாடி மேல் ஓடியது.

வலது கீழ் மூலையில் ஒரு கீறல்.

‘உப்புத்தாள் துகள் ஏதாவது பட்டு, நான்தான் கெடுத்தேனா?’ என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்தில் போனாள். சின்னதாக இறங்கி, நீளமாக ஏறிய கோடு. நுனியில் கொக்கி. அதைச் சுற்றிப் பழைய பசை காய்ந்து மங்கிய ஒரு சதுரம்.

கொக்கியில் நகத்தை வைத்துப் பார்த்தாள். மாட்டியது.

ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிடவில்லை. ஒவ்வொன்றாக வந்தது. இந்தக் கண்ணாடி டாக்டர் வீட்டுக் கண்ணாடி இல்லை. இது மாமா வீட்டுக் கண்ணாடி. கிளி இருந்த கண்ணாடி. கிளிக்குக் கீழே இருந்தது அவள் போட்ட டிக். அப்படியானால் மாமா கீறலைத் தேய்க்கவில்லை. திரைக் கண்ணாடி என்பது டியூபின் முகம்தான்; அந்த டியூபையே கழற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, தன் பழைய டியூபை அப்பாவின் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பாகற்காய் நிறம் மாமாவுடையது. கைராசி மட்டும் அப்பாவுடையது. இன்றைக்கு அந்த டியூபும் கிழடாகிவிட்டது. அதனால் அதை டாக்டர் பெட்டிக்குள் திணித்துவிட்டு, பூட்டியே கிடந்த அந்த நல்ல டியூபை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மறைக்கத் தெரிந்தவர் இதை எப்படி விட்டார்? ஸ்டிக்கர் என்றைக்கோ உதிர்ந்திருக்கும். அது ஏன் ஒட்டப்பட்டது என்பது அவருக்கே மறந்திருக்கும். படம் ஓடும்போது அந்தக் கீறல் தெரியாது. வாழ்நாள் முழுக்க அவர் பார்த்தது எரிகிற திரையை, அதுவும் எதிர்க் கண்ணாடியில். அணைந்த கண்ணாடியைச் சாய்ந்து பார்ப்பது அவர் தொழிலில் கிடையாது. அவள் தொழிலில் உண்டு.

முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“கீறல்னா கீறல். உலகத்துல உன் கீறல் ஒண்ணுதானா?”

“கொக்கி இருக்கும்மா. நீ கத்தினதுல வந்த கொக்கி.”

“என் தம்பி அப்படிச் செய்யமாட்டான். உங்கப்பா செத்தப்ப யாரு நின்னா? சொல்லு. நீயும் நானும் மூலையில கிடந்தோம், யாரு நின்னா?”

அவள் அங்கிருந்து நேரே மாமா வீட்டுக்குப் போனாள்.

அத்தை கதவைத் திறந்தாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு என்றால் அது சிவப்பு.

“வா வா. பாரேன், உங்க மாமா என்னமோ பண்ணினார், படம் எப்படிப் பளிச்சுனு இருக்கு!”

“கிளி எங்கே அத்தை?”

அத்தை சிரித்தாள். “அதை இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கே? ஒட்டுன்னு அவர் சொன்னார், ஒட்டினேன். கடையில பூனையும் இருந்துச்சு. கிளிதான் அழகா இருந்துச்சு.”

மாமா நாற்காலியில் இருந்தபடி சத்தத்தைக் குறைத்தார். அவள் காற்றில் விரலால் ஒரு டிக் போட்டு, நுனியை வளைத்துக் காட்டினாள். மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது; கண் மட்டும் அதை விட்டு விலகிப்போயிற்று.

“அட கழுதை! கண்டுபிடிச்சுட்டியா?” என்றார். “பெரிய ஆளா வருவேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?”

“ஏன் மாமா?”

“ஏன்னா? உங்கப்பா என்ன பார்த்தார்? சாயங்காலம் செய்தி. அதுக்கு எதுக்கும்மா அந்த டியூப்? அருமை தெரிஞ்சவன் கையிலதான் பொருள் இருக்கணும். தெருப் பிள்ளைங்க எல்லாம் இங்கதானே வந்து பார்த்தீங்க? நீயும்தானே பார்த்தே? ஒருத்தன் வீட்டுல சும்மா கிடந்தது ஊருக்கே பயன்பட்டுச்சு.”

“அப்பா கைராசின்னு சொன்னீங்களே.”

“அது விளையாட்டுக்கு. மச்சான்கூடச் சிரிச்சாரே!”

“டாக்டருக்கு நான் வார்த்தை குடுத்திருக்கேன்.”

“அவங்க பல்லைப் பார்க்கிறவங்க, டியூபையா பார்க்கப் போறாங்க?”

“நான் பார்த்துட்டேனே. இனிமே என்னால ‘சொந்தப் பல்லு’ன்னு சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில வந்து மாத்திக் குடுங்க. டாக்டர்கிட்ட நடந்ததை நான் சொல்லப்போறேன்.”

மாமா கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்த படத்தையே பார்த்தார். குழந்தை கையிலிருந்து பொம்மையைக் கேட்டால் பார்க்குமே, அப்படி. பிறகு, “சரி, வர்றேன். அக்கா காதுக்குப் போகவேண்டாம்” என்றார். அவள் கிளம்பி வந்தாள்.

மறுநாள் மாமா இரண்டு டியூபையும் தலையணைக்கு ஒன்றாகக் கிடத்தும் வேலையில் இருந்தபோது, அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு கொட்டகைக்குள் வந்தாள். தம்பி வேலைக்கு வந்திருக்கிறான் என்றால் அக்கா சாப்பாடு கொண்டுவராமல் இருக்கமாட்டாள். அன்றைக்கு அதற்காக மட்டும் வந்தாளா என்று தெரியவில்லை. கேரியரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, கண்ணாடி மேலே பார்க்கக் கிடந்த பழைய டியூப் பக்கம் போய்க் குனிந்தாள்.

“பார்த்துக்கா, தொடாதே, கரண்ட் தங்கும்” என்றார் மாமா.

“முன்பக்கம் தங்காதுடா. எனக்கும் அவ்வளவு தெரியும்.”

அந்த மோதிரம் இப்போதும் அவள் விரலில்தான் இருந்தது. விரல் தடித்துப்போய்க் கழற்ற வராது. கையைத் திருப்பி, மோதிரக் கல்லை டிக்கின் தொடக்கத்தில் வைத்தாள். கல் பள்ளத்துக்குள் உட்கார்ந்தது. இழுத்தாள். வண்டித் தடத்தில் சக்கரம் போவதுபோல அது இறங்கி, ஏறி, கொக்கியில் வளைந்து நின்றது.

அம்மா நிமிரவில்லை.

“அவர் கையை நான் என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமாடா உனக்கு?” என்றாள்.

மாமா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். அம்மா கேரியரை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

டாக்டரின் டியூப் டாக்டரின் பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று. நிறம் சரி பார்க்கும் நேரம் வந்ததும் மாமா பின்னாலிருந்து, “கண்ணாடியைக் கொஞ்சம் யாராவது...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். அவள் ஷட்டர் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அவரே கண்ணாடியை வார்னிஷ் டின் மேல் சாய்த்து வைத்தார். அது சரிந்தது. எழுந்து வந்து நிறுத்தினார். மறுபடி சரிந்தது. மத்தியானம் முழுக்க அவர் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

டாக்டரிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டாள், படத்தைப் பார்த்தாள், ஷட்டரை இழுத்து மூடித் திறந்தாள். “கூடு ரொம்ப அழகா வந்திருக்கு” என்றாள். வாசலில் நின்று, “ஒரு தடவை பிடுங்கின பல்லைத் திரும்ப வெச்சிருக்கேன்னு சொல்றீங்க” என்றாள், கடுமையாக இல்லை. தெரிந்தவர்களிடம் சொல்லிவிடுவதாகச் சொன்ன வார்த்தையை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. அவர்களில் ஒருவரும் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், தொழில் நடக்கிறது. என்றாலும் முதல் வார்த்தை போனது போனதுதான்.

மாமா இன்னும் வருகிறார். அவர் வீட்டுப் பெட்டி ஷட்டர் மூடியே கிடக்கிறதாம். இங்கே வந்து உட்கார்ந்து நையாண்டி பேசுகிறார். அம்மா தட்டு வைத்துப் பரிமாறுகிறாள், சிரிப்பதில்லை. ஒரு நாள் சமையலறைக் குழாய் ஒழுகியது. “நீங்க தொட்டீங்களா?” என்று பழக்கத்தில் காலியான கூடத்தைப் பார்த்து ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி, குழாயைத் தானே இறுக்கி மூடினாள்.

மகளுக்கு உறுத்துவது அந்தக் கிளிதான். அப்பா நகத்தால் நெம்பிப் பார்த்ததும், திரும்ப ஒட்டியதும். அதற்கடுத்து உறுத்துவது தன்னுடைய பங்கு. டிக்கைப் பற்றிய அந்தப் பேச்சு “பெரிய ஆளா வருவே” என்பதோடு முடியவில்லை. அதைச் சொல்லிவிட்டு மாமா பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அம்மாவின் அலமாரியிலிருந்து கழற்றிய கண்ணாடியை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு திரைக்கு எதிரே நின்றாள். தெருப் பிள்ளைகள் பொறாமையோடு வாசலில் நின்றார்கள். கண்ணாடியின் மேல் விளிம்புக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. திரையில் ஒரு முகம் வந்தது. லேசாகப் பச்சை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. ‘முன்னே இப்படி இல்லையே மாமா’ என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, வெல்லம் மாதிரி:

“மருமகளே, கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியேன். உன் கண்ணை மறைக்கணும், அவ்வளவு உயரம்.”